ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி

1

எனக்கு எழுதத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதற்கு முன்னால். நான் சொல்லச் சொல்ல எழுதுவது, எங்கள் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் மத்தியானம் வரும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். நான் கைலி கட்டிக்கொண்டு பேசுகிறேன்; அவர் அந்தப் பேச்சுக்கு வேட்டி சட்டை உடுத்தித் தாளில் உட்கார வைக்கிறார். ஊர்க்காரர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதுகூலி, நுரை தளும்ப ஒரு டீ.

பினாங்கில் எங்கள் கடைக்கு எதிர்ச்சுவரில் முனிசிபல்காரர்கள் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்த மாதம் இங்கே காலராப் பயம். காலையில் காக்கி அரைக்கால் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். நேற்றைய எண்ணை ஈரத்துணியால் துடைப்பார். இன்றைய எண்ணைச் சாக்பீஸால் எழுதுவார். எந்தப் பேட்டையில் எத்தனை பேருக்குக் கண்டிருக்கிறது, எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்குமாம். எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து, கோலம் போட்டவள் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு எங்கள் கடையில் ஒரு டீ குடிப்பார். நான் டீ ஆற்றிக்கொண்டே அவர் முகத்தைப் படிக்கப் பார்ப்பேன். எண் கூடியிருந்தால் முகம் சுருங்குமா என்று ஒரு ஆராய்ச்சி. அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. சர்க்கரை குறைந்தால் மட்டும் சுருங்கும்.

அதனால் என் மகள் செல்வி பள்ளிக்கூடம் போகிற வழியில் எனக்குப் பலகையை வாசித்துச் சொல்ல வேண்டும். பத்து வயது. பள்ளியில் இங்கிலீஷ், தோழிகளோடு மலாய், அம்மாவிடம் சண்டை போட மட்டும் தமிழ்.

"நம்ம பேட்டையில எத்தனை?"

"ஒன்னு."

"ஒன்னுன்னா யாரு?"

"யாருன்னா? ஒன்னுதாம்ப்பா."

"எந்த வீடு? எந்தச் சந்து? ஆம்பளையா பொம்பளையா?"

"அய்யோ அப்பா! போர்டுல பேரெல்லாம் போட மாட்டாங்க. அது நம்பர். நீங்க ஏன் எல்லாத்துக்கும் இப்படிக் கேக்குறீங்க?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டும் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு நிமிர்ந்து நின்றது, வாசலில் யாரோ நிற்பது மாதிரி.

2

மறுநாள் நானும் ஊசி வரிசையில் நின்றேன். வெள்ளை உடுப்பு நர்ஸம்மா மலாயில் எந்தக் கை என்று கேட்டாள். இடதுக்கு ஒரு சொல், வலதுக்கு ஒரு சொல். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். எது எது என்று இன்னும் குழப்பம். எதற்கு வம்பு என்று இரண்டு கையையும் நீட்டினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். போலீஸிடம் அகப்பட்டவன் போல நின்றேனாம்.

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டியதும் தோளில் பழைய தழும்பு தெரிந்தது. பெரியம்மைக்குக் குத்தியது. நாலு வட்டம், ஒவ்வொன்றும் ஒரு காசு அகலம். அதில் ஒன்று மட்டும் கோணல். அந்தக் கோணலைத் தொட்டு, எங்கே குத்தியது என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த மலாயை வைத்து ஒரு கோழி வாங்கலாம், வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லலாம். அந்தக் கோணலைச் சொல்ல அது போதாது. "இந்தியா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஊசியைப் போட்டாள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

3

எங்கள் ஊர் கறம்பக்குடிக்கு மேற்கே, முந்திரிக் காட்டுக்குள். புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு எங்களைச் சேர்த்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ராஜா போனது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆபீசர்கள் அடிக்கடி வர ஆரம்பித்ததுதான் தெரிந்தது.

அப்போது என் மச்சினன் பினாங்கிலிருந்து பெர்மிட் அனுப்பியிருந்தான். அவன் வேலை செய்யும் கடையில் டீ மாஸ்டர் இடம் காலி. பங்குனி முடிவதற்குள் வந்து இறங்க வேண்டும். தேதி தாண்டினால் பெர்மிட் செல்லாது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். குளத்தில் தண்ணீர் இல்லை, இரண்டு வருஷமாக வானம் பார்த்த பூமி வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளை என் மனைவி மீனாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். பானையில் அரிசி இல்லாததால் தாள் பத்திரமாக இருந்தது.

அந்த மாசியில்தான் அம்மை குத்துகிறவர் வந்தார். ஞானப்பிரகாசம் என்று பெயர். ஒல்லி, சைக்கிள், குடை, தோளில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால். பல் வைத்த சக்கரம் ஒன்றைத் தோளில் அழுத்தி ஒரு திருகு திருகுவார், பாலைத் தடவுவார், அவ்வளவுதான். ஆனால் குத்திய பிறகு காய்ச்சல் வரும், கை வீங்கும், ஒரு வாரம் மண்வெட்டி பிடிக்க முடியாது. குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று ஒரு பேச்சும் இருந்தது. எனக்கு ஆத்தாளைவிடச் சக்கரத்தின் மேல்தான் பயம் ஜாஸ்தி. ஆனால் வெளியே சொல்லும்போது ஆத்தாள் பெயரைத்தான் சொல்வேன். வீரன் பாருங்கள்.

அவர் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் ஊர்க் கடைவாசலில் கூட்டம் கூடியது. "முந்திரிக் காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவமா?" என்றான் ஒருவன்.

அப்போது திறந்தது என் திருவாய்.

"காட்டுக்குள்ள எதுக்குடா போறீங்க, பாம்புகிட்ட குத்து வாங்கவா? வாசல்ல வேப்பிலையச் சொருகு. ஆத்தா எறங்கின வீட்டுக்குள்ள எவன் வருவான்? வந்தா, 'உள்ள ஆத்தா வந்திருக்கு'ன்னு சொல்லு. செருப்பக் கழட்டிக் கும்புட்டுட்டுப் போயிருவாரு."

அம்மை போட்ட வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் சில முறை உண்டு. வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாள் உள்ளே போகக் கூடாது. அந்த வீட்டார் வெளியே வரக் கூடாது. அடுப்பில் தாளிப்பு இல்லை, கறி மீன் இல்லை. ஆனால் அந்த வீட்டை யாரும் பட்டினி போட மாட்டார்கள். காலையில் யாராவது இரண்டு இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்னொருத்தி கேப்பைக் கூழ் வைப்பாள். வேப்பிலை என்பது 'வராதே' என்பதற்கு மட்டுமில்லை. 'வாசல் வரைக்கும் வா' என்பதற்கும் அதுதான் அடையாளம்.

அந்த இரண்டாவது பாதி எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரே மணி நேரத்தில் கோயில் வேப்பமரம் பாதி மொட்டை. எங்கள் தெருவில் இருபத்து மூன்று வாசலில் வேப்பிலை. ஞானப்பிரகாசம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும் உள்ளேயிருந்து அதே பதில். நோட்டை எடுத்தார், பென்சிலால் என்னவோ குத்தினார், அடுத்த வாசலுக்குப் போனார். என் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்று மூக்கை உறிஞ்சினார். கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அவர் போனதும் தெருவே திருவிழா. இலையைக் கழற்ற வேண்டாம், மறுபடி வந்தாலும் வருவார் என்று சொன்னதும் நான்தான். நான்கு நாள் கழித்து அழகம்மை அக்கா வீட்டைக் கடந்து போனேன். தெருக்கோடி வீடு. புருஷன் இலங்கைத் தோட்டத்தில். அவளும் ஆறு வயது மகள் பொன்னாத்தாளும் மட்டும். முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைப்பவள். கொட்டைப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"தம்பி... ஆத்தா வந்திருக்குப்பா."

"எங்க வீட்டுக்கும் வந்திருக்கு அக்கா!" என்றேன். "வந்தது சும்மா இருக்கா? கருவாடு கேக்குது!"

சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

4

இங்கே இப்போது ஒரு சின்ன விஷயம். செல்வி பள்ளியிலிருந்து ஒரு ஃபாரம் கொண்டுவந்தாள், ஊசி போட்டாயிற்றா என்று வீட்டார் எழுதித் தர வேண்டும். பெருவிரல் நாட்டலாமா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. கிளாஸ்ல யாருமே அப்பிடிக் கொண்டு வர மாட்டாங்க."

"அப்ப நீயே என் பேரை எழுதிக்க."

"அது பொய்ப்பா."

பொய் எழுதுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. வாத்தியாரைக் கூப்பிட்டு, அவர் பிடித்த பேனாவின் மேல் என் கையை வைத்து, என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டோம். சாய்ந்த தென்னை மாதிரி இருந்தது. செல்வி வாங்கிப் பார்த்து, "பரவால்ல" என்றாள். பத்து வயதுக்காரியிடம் வாங்கிய முதல் மார்க்.

5

விட்ட இடத்துக்கு வருகிறேன். சந்தை நாளன்று கறம்பக்குடி போனேன், கப்பலுக்கு ஒரு தகரப் பெட்டி வாங்க. சந்தை முனையில் சுகாதார ஆபீஸ் பலகை முன்னால் ஒரே கூட்டம். நானும் தலையை நுழைத்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். முதல் பெயரே எங்கள் ஊர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. குளத்தூர்ப் பக்கம் எவ்வளவு பெரிய ஊர்கள், கந்தர்வக்கோட்டைப் பக்கம் எவ்வளவு பெரிய ஊர்கள், அதையெல்லாம் தாண்டி எங்கள் ஊர் முதல் இடம்!

"அண்ணே, நம்ம ஊருதான் அது!" என்று நெஞ்சைத் தட்டினேன்.

என்னைச் சுற்றி நின்ற கூட்டம் சட்டென்று விலகியது. சந்தையில் அவ்வளவு தாராளமாக எனக்கு இடம் விட்டது அன்று ஒருநாள்தான்.

"ஒங்க ஊருல இருவத்து மூணு வீட்டுல அம்மையாம்ல. நீ எதுக்கு இங்கிட்டு வந்த?" என்றார் கண்ணாடிக்காரர். "நோய் கண்ட ஊருக்காரன் சந்தைக்கு வரக்கூடாது, பஸ்ஸுல ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கு. இந்த லிஸ்ட்டு நாகப்பட்டணத்துக்கும் போகும் தெரியும்ல. அந்த ஊர்ப் பேரைச் சொன்னா கப்பல்ல ஏத்த மாட்டாக."

பெட்டியை வாங்காமலே ஊர் திரும்பினேன். எட்டு மைல் நடை. பஸ்காரன் ஏற்றவில்லை, நான் நெஞ்சைத் தட்டிப் பெருமையாகக் கத்தியது பஸ் வரைக்கும் கேட்டிருந்தது.

மீனாள் விஷயத்தைக் கேட்டாள். அரிசிப் பானையைத் திறந்து தாளைப் பார்த்தாள், மூடினாள்.

"வேப்பிலை ரோசனை யாரு குடுத்தது?"

"ஊருல பேசிக்கிட்டாக."

"ஊருல ஒங்களத் தவிர அப்பிடிப் பேசுற ஆளு யாரு? விடிஞ்சதும் அந்த அம்மை குத்துறவரு கால்ல போயி விழுங்க. கப்பலு எனக்கும் சேத்துத்தான் போகணும்."

6

பக்கத்து ஊர்ச் சாவடியில் ஞானப்பிரகாசம் குழாய்களை எண்ணி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். முழுதையும் சொன்னேன். என் யோசனை, கோயில் மரம், பெர்மிட், பங்குனி, எல்லாம். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்யா. இருவத்து மூணு வாசல்லயும் ஒரே மரத்து எலை. எல்லா வீட்டுலயும் ஒரே வசனம். ஒன் வீட்டுக்குள்ள கருவாடு வறுக்கிற வாசம். ஆத்தா வந்த வீட்டுல கருவாடா?"

"தெரிஞ்சுமா சார் எழுதினீங்க?"

நோட்டை விரித்துக் காட்டினார். கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டம் முழுக்கப் புள்ளிகள்.

"பாரு. குத்தின ஆளுக்கு ஒரு கட்டம். நோய் கண்ட வீட்டுக்கு ஒரு கட்டம். வீடு பூட்டியிருந்தா ஒரு கட்டம். பொய் சொல்ற வீட்டுக்குக் கட்டம் குடுக்கலை. எலை இருந்தா, வீட்டுக்காரக நோயின்னு சொன்னா, ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. அதைத்தான் நான் வைக்க முடியும்."

"அழிச்சிருங்க சார்."

"நீ சொன்னா அழிக்க முடியுமா? வீடு வீடா உள்ள போயி பாக்கணும். எல்லாருக்கும் குத்தணும். நீ என்கூட வா. எலைய நீயே கழட்டு. மொதக் குத்து ஒனக்கு, நடுத்தெருவுல வச்சு."

அப்படித்தான் நடந்தது. நடுத்தெருவில், ஊரே சுற்றி நிற்க, சட்டையைக் கழற்றினேன். சக்கரம் பட்டதும் ஒரு துள்ளு துள்ளினேன். அதுதான் அந்தக் கோணல் தழும்பு. "ஆடாம நில்லுய்யா, நீ என்ன கெடாயா?" என்றார். தெருவே சிரித்தது. சிரித்த வேகத்தில் நாலு பேர் கையை நீட்டினார்கள். ஒரு வீட்டில் இலையைக் கழற்றினேன். பிறகு இன்னொரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேலி சொல்வேன், கதவு திறக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒரு புள்ளியின் மேல் கோடு போட்டார். இருபத்து இரண்டு கோடு. எனக்குக் கை வலித்தது, மனசு பினாங்குக்குப் போய்விட்டது.

கடைசியாக அழகம்மை அக்கா வீடு. இலை வாடிச் சருகாகியிருந்தது. "என்ன அக்கா, ஒங்க ஆத்தா இன்னும் கெளம்பலையா?" என்று சொல்லிக்கொண்டே இலையைப் பிடுங்கினேன், கதவைத் தள்ளினேன்.

உள்ளே பொன்னாத்தாள் வாழையிலையில் படுத்திருந்தாள். முகத்தில் விரல் வைக்க இடமில்லாமல் முத்து. கண் இரண்டும் ஒட்டியிருந்தன. அழகம்மை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

ஞானப்பிரகாசம் மண்டி போட்டுக் குழந்தையின் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தார். "எத்தனை நாளாச்சும்மா?"

"ஏழு நாளு சார். நீங்க வந்த அன்னைக்கே முத்து போட்டுருச்சு. வெளிய போகக்கூடாதுல்ல. வாசல்ல வந்து வந்து பாத்தேன். ஒத்தரும் எளநி வைக்கலை. கொரல் குடுத்தேன்..." என்னைப் பார்த்தாள். "தம்பிகிட்டகூடச் சொன்னேன். எல்லார் வீட்டுலயும் ஆத்தா வந்திருக்குன்னுச்சு. சரி, எல்லார் வீட்டுலயும் இதே கஷ்டம்தானே, யாரு யாருக்குக் குடுப்பாகன்னு இருந்துட்டேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. நான் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். அதுதான்.

கையில் பிடுங்கிய சருகு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

7

வாசலுக்கு வந்து அவர் நோட்டைத் திறந்தார். இருபத்து மூன்றாவது புள்ளியில் பென்சிலை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"இது நெசம். இந்தப் பிள்ளைக்கு ஆறி, அதுக்கப்புறம் ஆறு வாரம், ஒங்க ஊரு லிஸ்ட்டுல இருக்கும்."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இந்தக் கணக்கு உடனே வந்தது. பங்குனி போயிற்று.

நல்லவன் மாதிரி இங்கே ஒரு வார்த்தை சொன்னேன் என்று எழுதச் சொல்ல ஆசைதான். வாத்தியாருக்கும் உண்மை தெரியாது, எழுதிவிடுவார். ஆனால் நான் சொன்னது இதுதான்:

"ஒத்த வீடுதானே சார். கோடு போட்டுருங்க. நான் பாத்துக்கிறேன், தெனம் எளநி வைக்கிறேன். போர்டுல மட்டும் வேணாம் சார்."

அவர் கோபப்படவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்தார்.

"நீயே போடு."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க."

"கோடு போடத் தெரியும்ல? போடு. கோடு போட்டா இந்தத் தெருவுக்கு நாளைக்கு யாரும் மருந்தோட வர மாட்டாக. இந்தப் பிள்ளையத் தேடிப் பெரிய டாக்டரு வர மாட்டாரு. ஒங்க ஊருல நோயே இல்லைன்னு ஆயிரும். போட மாட்டேன்னா, அந்தப் புள்ளியத் திரும்ப அழுத்தி வையி. அழுத்தி வச்சா, ஆபீஸ்ல கேட்டா, நேர்ல பாத்ததுன்னு சொல்லுவேன்."

கதவுக்குப் பின்னால் அழகம்மை அக்கா விசிறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பென்சில் என் விரலில் நிற்கவில்லை, மண்வெட்டி பிடிக்கிற மாதிரி முழுக் கையால் பிடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை, குடையை ஊன்றி நின்றார்.

புள்ளியின் மேல் அழுத்தினேன். பென்சில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கம் போயிற்று. என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் எழுத்து அது.

மீனாளிடம் சொன்னபோது அவள் திட்டுவாள் என்று இருந்தேன். அவள் கொல்லைக்குப் போய், தென்னையில் இருந்த இரண்டே இளநீரையும் அலக்குக் கழியால் இழுத்துப் போட்டாள். "போங்க, வச்சுட்டு வாங்க. கொரல் குடுத்துட்டு வாங்க" என்றாள். மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். வாசலில் மூன்று வீட்டுச் சொம்பு இருந்தது. அதற்கு மறுநாள் வைக்க இடமில்லை.

பொன்னாத்தாள் பிழைத்தாள். முகம் முழுக்கக் குழி. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அவளைத் தவிர தெருவில் இன்னொருவருக்கு வரவில்லை. கப்பல் போயிற்று, பெர்மிட் செத்தது. மச்சினன் மறுபடி மனுப் போட்டு, அந்த ஆபீஸ் இந்த ஆபீஸ் என்று தாள் சுற்றி வர ஒன்றரை வருஷம். வந்து சேர்ந்தபோது டீ மாஸ்டர் இடத்தில் வேறு ஆள். மூன்று வருஷம் டம்ளர் கழுவினேன்.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பொன்னாத்தாள் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தாள். ஒற்றைக் கண்ணைச் சுருக்கி என் தகரப் பெட்டியை ஆராய்ந்தாள்.

"மாமா, கப்பல்ல ஒங்களுக்கு நல்ல எடம் வேணுமா?"

"ஆமா."

"பெட்டில வேப்பிலையச் சொருகிக்கங்க. ஒத்தரும் கிட்ட வரமாட்டாக. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம்."

எட்டு வயது. என்னை வேறு யாரும் அதற்குமுன் அப்படிச் சிரிக்க வைக்கவும் இல்லை, அழ வைக்கவும் இல்லை. பஸ் கிளம்பிய பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

8

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். ஒன்று என்றால் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பின்சந்தில் பெட்டி செய்யும் சீனத் தச்சர் வீடு. அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரி வண்டி கொண்டுபோய்விட்டது. மற்றவர்கள் வெளியே வரக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. அந்தச் சந்தே வேறு வழியாகப் போக ஆரம்பித்திருந்தது. தண்ணீரும் அரிசியும் முனிசிபல்காரர்கள் கொடுத்தார்களாம். ஆனாலும் அந்த வாசல் வெறிச்சென்று இருந்தது. என்னால் அப்படி ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

கொதிக்கக் கொதிக்க ஒரு கெண்டி டீ, இரண்டு இளநீர். செல்வி பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"அப்பா, அங்க போகக்கூடாதுப்பா. டீச்சர் சொன்னாங்க."

"உள்ள போகல. வாசல் வரைக்கும்."

"அவங்க சைனாக்காரங்கப்பா. நீங்க வச்சிட்டு வந்தா என்னன்னு நினைப்பாங்க? வெட்கமா இருக்குப்பா."

"அதுக்குத்தான் ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். நீ குரல் குடு. ஒனக்கு எத்தனை பாஷை தெரியும்!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். நான் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்தேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு மலாயில் மெல்ல ஒரு வார்த்தை சொன்னாள். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. மாடி ஜன்னல் திறந்தது. செல்வி வயதில் ஒரு பெண், இரட்டைச் சடை. இவளைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"அப்பா! அது எங்க ஸ்கூல்!" என்றாள் செல்வி. "பக்கத்து கிளாஸ்ப்பா!"

மறுநாள் கெண்டி வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன், நர்ஸம்மா சொன்ன மாதிரி. போடுவதற்கு முன்பே அது பளபளவென்று இருந்தது. அந்தக் கெண்டிக்கு அவ்வளவு அழகான அடி இருப்பது எங்கள் முதலாளிக்கே அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு தினமும் இளநீர் வைக்கப் போவது செல்விதான். எனக்கு மலாய் போதாது என்று காரணம் சொல்கிறாள்.

இன்று காலையும் காக்கிக்காரர் வந்தார், துடைத்தார், எழுதினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். செல்வி பையோடு வந்து பலகை முன் நின்றாள். நான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"நம்ம பேட்டையில எத்தனை?"

பலகையைப் பார்த்தாள். பிறகு பின்சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தச்சர் வீடு மட்டும்தாம்ப்பா."